நிற்க நேரமில்லாத நாய்

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்பது எங்கள் ஊர்ப்பக்கம் இன்றும் புழங்கிவரும் பழமொழி. பயனின்றிச் சுற்றுகிறவனைக் கேலி செய்யப் பிறந்த சொல் அது. "நாயாய் அலைந்தேன்" என்று சலித்துக்கொள்ளும்போதும் அலைச்சலை இழிவானதாகவே எண்ணுகிறோம். ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு இன்று மருத்துவர் மருந்துச் சீட்டின் அடியில் எழுதித் தருவது அந்த அலைச்சலைத்தான். தினமும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்கிறார். சீட்டை வாங்கி வந்தவர் ஒரு வாரம் நடக்கிறார், பத்து நாள் நடக்கிறார். பிறகு மாத்திரையோடு நிறுத்திக்கொள்கிறார். நாய் வளர்ப்பவர்கள் சிலரது வீட்டில் மட்டும் இந்தக் கதை சற்று வேறாக நடக்கிறது. அவர்களைக் கிளப்புவதற்கு விடியற்காலையில் ஓர் உயிர் வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது.

இதை உடற்பயிற்சி பற்றிய அறிவுரையாக எழுதும் தகுதி எனக்கில்லை. தமிழ் இலக்கியம் படித்து, அதைக் கற்பித்துப் பிழைப்பவன் நான். என் ஆர்வமெல்லாம் இதன் வரலாற்றில்தான். நாய் மனிதனை நடக்க வைப்பது மேலைநாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பூங்காவைச் சுற்றிவரும் காட்சி வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். நாயின் பின்னால் மனிதன் நடந்த கதை இந்த மண்ணில் மிகப் பழையது. இடையில் அது அறுந்தது. ஏன் அறுந்தது, இப்போது எப்படி மீண்டும் தளிர்க்கிறது என்பதைப் பார்க்க எம். புதுப்பட்டியைப் போல் பொருத்தமான இடம் வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரத்து ஊர். மேற்கே தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாய்க் கிடக்கும். சுற்றிலும் மழையை நம்பிய காடுகழனி. அவற்றுக்கிடையே பட்டாசு ஆலைகள். இவ்வூரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். தென்மேற்கே ராஜபாளையம். தெற்கே, வெம்பக்கோட்டைப் பக்கம், சிப்பிப்பாறை. வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் மலைக்கு அப்பால் தேனி மாவட்டத்துக் கோம்பை. மூன்றும் ஊர்ப்பெயர்கள், மூன்றும் நாய்ப்பெயர்கள். தமிழகத்தின் புகழ்பெற்ற நாயினங்களில் மூன்று, ஒரு நாளில் சுற்றி வந்துவிடக்கூடிய நிலப்பரப்பில் தோன்றியிருக்கின்றன. தற்செயல் என்று இதைக் கடந்துபோக முடியாது. மலையடிவாரக் காடும், முட்புதர் மண்டிய வறண்ட மேடும், அவற்றில் ஓடித் திரிந்த பன்றியும் முயலும் சேர்ந்து உருவாக்கிய கால்கள் அவை. அந்தக் கால்களுக்குப் பின்னால் மனிதக் கால்களும் ஓடின.

*

சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு ஞமலி, ஞாளி ஆகிய சொற்கள் புதியவை அல்ல. இரண்டும் நாயைக் குறிப்பவை. தொல்காப்பியத்தின் மரபியல், நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிகளையும் 'குருளை' என்ற ஒரே பெயரால் வழங்குகிறது. இந்த வரிசையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வருவதுண்டு. துரத்தும் நாயும், துரத்தப்படும் பன்றியும் முயலும், இவற்றையெல்லாம் அஞ்சவைக்கும் புலியும் ஒரே பெயரின் கீழ் நிற்கின்றன. இலக்கணம் வகுத்தவர் வேட்டைக்காட்டை அருகிலிருந்து பார்த்தவராக இருக்க வேண்டும்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவன் முதன்முதலாகத் தலைவியைக் காண வரும்போது தனியே வருவதில்லை. அவனுக்கு முன்னால் வேட்டைநாய்கள் வருகின்றன. அவை சூழ்ந்துகொள்ள, தினைப்புனத்துப் பெண்கள் நடுங்கி எழுகிறார்கள். அதன் பிறகே அவன் நெருங்கிவந்து, தப்பிய விலங்கைப் பற்றி வினவுகிறான். இந்தக் காட்சியின் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும். நாய் முன்னே, மனிதன் பின்னே. தமிழின் பெருங்காதல்களில் ஒன்று நாய் இழுத்துச் சென்ற இடத்தில் தொடங்குகிறது எனலாம்.

குறிஞ்சி செழித்த நிலம். எங்கள் பகுதி அப்படியன்று. எங்களுக்கு நெருக்கமான காட்சி கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. வறண்ட நிலத்து எயினர்கள் நாய்களோடு புதர்களைக் கலைத்து, வலை கட்டி முயல் பிடிக்கும் காட்சி அது. மழையின்றி வேறெந்த வேட்டையும் வாய்க்காத காலத்தில் முயல் தேடுகிறார்கள். சிப்பிப்பாறை நாயின் மெலிந்த உடலையும், ஒடுங்கிய வயிற்றையும், நீண்ட காலையும் பார்த்தவர்கள் அந்தப் பகுதியைப் படித்தால் சட்டென்று ஓர் உறவை உணர்வார்கள். இந்த நாயினம் அவ்வளவு பழமையானது என்று நிறுவ நான் முயலவில்லை. வறண்ட நிலத்தில் மனிதனும் நாயும் சேர்ந்து காலால் பிழைத்த வாழ்க்கைமுறைதான் பழமையானது.

அந்த உறவுக்குக் கல்லில் வெட்டிய சான்றும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுத்தது. வீரனின் உருவத்துக்கு அருகே ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் தனியே ஒரு வாசகம் வெட்டியிருக்கிறார்கள். மன்னர்களின் மெய்க்கீர்த்தி முழங்கும் நம் கல்வெட்டு உலகில் ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அழியாமல் நிற்கிறது. கால்நடையின் பின் தினமும் நடந்தவர்கள்தாம் அந்தப் பெயரை வெட்டச் சொல்லியிருப்பார்கள்.

*

ராஜபாளையம் நாயைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, உயர்ந்த கால். காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கிய இனம். அந்த வெண்மைக்கு ஒரு விலையும் உண்டு. பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் இவ்வினத்தில் பிறப்பதுண்டு. பாளையக்காரர் காலத்துப் போர்களில் இந்நாய்கள் எதிரிகளின் குதிரைகள்மீது பாய்ந்தன என்றொரு செவிவழிச் செய்தியும் இப்பகுதியில் உலவுகிறது. அதை வரலாறாகக் கொள்ள நான் தயங்குவேன். ஆனால் தங்கள் நாயைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஊர்மக்களுக்கு இருந்த பெருமிதம் வரலாறுதான்.

சிப்பிப்பாறை வேறு வகை. மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி ஓடுவது. வெட்டவெளியில் முயல் எழும்பினால் கண்ணால் பிடித்துக் காலால் முடிக்கும். அதற்கு நெருங்கிய இனமான கன்னி நாயைத் திருமணத்தின்போது மகளுக்குச் சீராகக் கொடுத்தார்கள் என்றும் சொல்வதுண்டு.

இந்த நாய்களை வைத்திருந்தவர்களின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் கிளம்பியாக வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் நாய் இளைத்துவிடும். முட்காட்டிலும் ஓடைக்கரையிலும் காததூரம் நடக்க வேண்டும். நாய் விரைந்தால் ஓட வேண்டும். தென் மாவட்டங்களில் ஊர்கூடிச் செல்லும் பாரிவேட்டை நாளென்றால் கிழவரும் சிறுவரும் சேர்ந்து நடப்பார்கள். அதற்கு நடைப்பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வேட்டை கிடைத்ததா என்று கேட்டார்களே தவிர எவ்வளவு தூரம் நடந்தாய் என்று எவரும் கேட்டதில்லை. இப்போது கைக்கடிகாரமும் செல்பேசியும் நாம் வைக்கும் ஒவ்வோர் அடியையும் எண்ணிச் சொல்கின்றன. எண்ண வேண்டிய நிலை வந்துவிட்டதே அந்தப் பழைய நடை போய்விட்டதற்கு அடையாளம்.

அது எப்படிப் போயிற்று? முதற்காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையை முடிவுக்குக் கொண்டுவந்தன. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாயிற்று. 2021இல் அதுவும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின. இவையெல்லாம் தேவையான செயல்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. முயலுக்கும் பன்றிக்கும் கிடைத்த நீதி அது. ஆனால் அந்த நீதியின் ஓரத்தில், ஓடுவதற்கென்றே வார்த்தெடுத்த ஓர் உயிர் வேலையிழந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. பழமொழி அன்றுதான் முழு உண்மையாயிற்று. வேலை போய்விட்டது, நிற்க முடியாத கால்கள் மட்டும் எஞ்சின.

*

இரண்டாவது காரணம் இன்னும் மெதுவாக நடந்தது. நாயின் வேலை போவதற்கு முன்பே இந்த நிலத்து மனிதர்கள் உட்காரத் தொடங்கியிருந்தார்கள்.

மழை பொய்க்கும் பூமியில் விவசாயத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. 1923இல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில்கள் கிளைத்து இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டன. அந்த முயற்சியின் பெருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டிய குடும்பங்கள் பல ஊரிலேயே தங்கியது அதனால்தான்.

ஆனால் உடம்பின் வரலாறு என்று ஒன்று உண்டு. காட்டுவேலைக்குப் போனவரின் உடம்பு குனிந்தது, நிமிர்ந்தது, நடந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கும் பயர் ஆபீசுக்கும் (ஆலைகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்கிறோம்) போனவரின் உடம்பு சம்மணமிட்டு அமர்ந்தது. குழாய் சுருட்டுவதும், சரம் பின்னுவதும், பெட்டி ஒட்டுவதும் உட்கார்ந்து செய்யும் வேலைகள். எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் எழுந்தால் நட்டம். காலையில் ஆலை வண்டி வந்து ஏற்றிக்கொள்கிறது, மாலையில் இறக்கிவிடுகிறது. முதலாளி கணக்குப் பார்க்கிற மேசையிலும், அச்சகத்தில் கணினியின் முன்னாலும், எங்களைப் போன்றோர் விடைத்தாள் திருத்துகிற நாற்காலியிலும் இதே அமர்வுதான். வண்டி வாங்கும் வசதி வந்தபின் தெருமுனைக் கடைக்கும் வண்டியில் போகிறோம்.

இவர்களுக்கு நடுவே நடப்பதை நிறுத்தாத ஒரு கூட்டம் இருந்துவருகிறது. கிடை போடும் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஆடுகளோடு ஊர் ஊராக நடப்பவர்கள். அவர்களுடன் நாய்களும் நடக்கின்றன. கோவிவனின் வழிவந்த வாழ்க்கை இன்னும் அங்கே மிச்சமிருக்கிறது. மற்றவர்கள் அனைவரும் அதிலிருந்து இறங்கிவிட்டோம்.

இறங்கியதன் கணக்கு இப்போது எண்களாக வந்துகொண்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. வயது வந்தோரில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். 2024இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்றது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது பெரிய தவம் ஒன்றுமில்லை. வாரத்துக்கு 150 நிமிடம், சற்று வேகமான நடை போதும் என்கிறது. தமிழக அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. பாதை வந்துவிட்டது. அதில் ஒரு மாதம் கழித்தும் நடக்க வைப்பது எது என்பதுதான் கேள்வி.

*

நடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நடக்காததற்குக் காரணம் சோம்பல் என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் உடம்புக்காக மட்டும் தினமும் ஒரு காரியத்தைச் செய்வது நம் மரபுக்குப் பழக்கமில்லாதது. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். வீட்டில் மாடிப்படி ஏறத் தயங்குகிறவர் நூறு மைலுக்கு மேல் நடக்கிறார். முருகன் அழைத்தான் என்கிறார். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறுகிறவர்களும் அப்படியே. அம்மலையில் வழிதவறியவர்களை நாய் உருவில் பைரவர் அழைத்துச் செல்வார் என்ற நம்பிக்கைகூட இருக்கிறது. யாராவது அழைத்தால் நடப்போம். நாமே நம்மை அழைத்துக்கொள்ளத் தெரியாது.

நாய் செய்வது இந்த அழைப்பைத்தான். ஒருநாள் காலை ஐந்தரைக்கு வெளியே கூட்டிப் போனால், நான்காம் நாள் ஐந்தரைக்கு அது கட்டிலருகே வந்து நிற்கும். கடிகாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். நாயின் கண்ணை அணைக்க முடியாது. சங்கிலியை ஆணியிலிருந்து எடுக்கும் ஓசைக்கே உடம்பெல்லாம் வாலாகிவிடும் அந்த மகிழ்ச்சியை ஒருமுறை பார்த்தவருக்கு, இன்று வேண்டாம் என்று சொல்வது நன்றிகெட்டதனமாகப் படும். நடை அங்கே பயிற்சி என்ற பெயரை இழந்து கடமையாகிறது. பயிற்சியைத் தள்ளிப்போடலாம். தன்னை நம்பியிருக்கும் உயிருக்குச் செய்யும் கடமையைத் தள்ளிப்போடுவது கடினம்.

மேலைநாட்டு ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1991இல் ஜேம்ஸ் செர்பெல் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், புதிதாகப் பிராணி வளர்க்கத் தொடங்கியவர்களைப் பத்து மாதம் தொடர்ந்து கவனித்தார். நாய் வாங்கியவர்களின் நடை கணிசமாகக் கூடி, அந்தப் பத்து மாதமும் நீடித்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, நாய் வாங்கியவர்களின் பொழுதுபோக்கு நடை வாரத்துக்கு 48 நிமிடம் கூடியதாகவும், வாங்காதவர்களுக்கு 12 நிமிடமே கூடியதாகவும் கண்டது. பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது இடைவெளி சுருங்கிற்று, மறையவில்லை. 2019இல் வெளியான ஓர் ஆங்கிலேயச் சமூக ஆய்வில், அந்த 150 நிமிட அளவை எட்டும் வாய்ப்பு நாய் வளர்ப்பவர்களுக்கு நான்கு மடங்கு இருந்தது.

இவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது 2017இல் வெளியான நார்ஃபோக் ஆய்வு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் இடுப்பில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி, வானிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குளிரும் மழையும் மிகுந்த நாட்களில் நாயோடு நடந்தவர்களின் அசைவு, நல்ல வெயில் நாட்களில் நாயில்லாதவர்களின் அசைவைவிட அதிகமாக இருந்ததாம். அவர்களுக்கு மழை எப்படியோ நமக்கு வெயில் அப்படி. அங்கே மழையை மீறி வெளியே இழுத்த நாய், இங்கே வெயிலுக்கு முன் எழுப்பிவிடும். பழைய வேட்டைக்காரர் விடியுமுன் கிளம்பியதும் அதனால்தானே?

இன்னொரு நன்மையை எந்த ஆய்வும் அளக்காமலே எங்கள் ஊர்க்காரர்கள் அறிவார்கள். சிற்றூரில் வளர்ந்த ஆள் காரணமில்லாமல் நடந்துபோக முடியாது. "என்ன சார், வண்டி ரிப்பேரா?" என்று நான்கு பேர் நிறுத்திக் கேட்பார்கள். பெண்ணாக இருந்தால் கேட்பவர்கள் இன்னும் அதிகம். கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அதைவிட அதிகம். கையில் நாய்ச் சங்கிலி இருந்தால் அந்தக் கேள்விகள் எழுவதில்லை. காரணம் முன்னால் நான்கு காலில் போய்க்கொண்டிருக்கிறது. வேண்டுமானால் நாயின் வயதையும் அது என்ன சாப்பிடும் என்பதையும் விசாரிப்பார்கள். அப்படித் தொடங்கும் பேச்சில் பக்கத்துத் தெருவே பழக்கமாகிவிடும்.

*

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாய் இருப்பதாலேயே யாருடைய சர்க்கரையும் இறங்கிவிடுவதில்லை. நாய் வைத்திருந்தும் நடக்காதவர்களுக்கு இந்தப் பலன்கள் இல்லை. எங்கள் வட்டாரத்தில் சிக்கல் இந்த இடத்தில்தான். ராஜபாளையம் நாயும் சிப்பிப்பாறை நாயும் இன்று பெரும்பாலும் காவலுக்கென்று வாங்கப்படுகின்றன. வீட்டுக் கொல்லையிலோ தோட்டத்திலோ ஆலைக் கிட்டங்கியிலோ ஆறடிச் சங்கிலியில் கட்டிக்கிடக்கின்றன. வசதியுள்ள வீடுகளில் நாயை நடத்திக் கூட்டிப்போக ஒரு வேலையாளும் இருப்பார். நாய் நடக்கிறது, வேலையாள் நடக்கிறார், மருத்துவர் நடக்கச் சொன்னவர் மாடியில் நின்று பார்க்கிறார்.

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றின் பெயரைச் சொன்னார். நாட்டு நாய்களின்மேல் ஒரு பெருமிதம் திரும்பியிருப்பது மகிழ்ச்சிதான். ஆனால் ஓடப் பிறந்த இனத்தை ஓடவிடாமல் காப்பாற்றுவது எப்படி? நிறத்தையும் மூக்கையும் காதையும் மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினால், பெயர் மிஞ்சும், கால் மிஞ்சாது. கட்டிக்கிடக்கும் நாய் சினம் மிகுந்து வீட்டுக்கே ஆபத்தாவதும் உண்டு. அதன் சினத்துக்கு இனத்தைக் குறை சொல்கிறோம்.

தடைகளும் உண்மையானவை. தெருநாய்கள் கூட்டமாக மறிக்கும். வெறிநோய்த் தடுப்பூசி போடாமல் நாயைத் தெருவில் இறக்குவது பிறருக்குச் செய்யும் தீங்கு. கழுத்துப்பட்டையும் சங்கிலியும் இல்லாமல் இறக்குவதும் அப்படியே. கோடையில் எட்டு மணிக்குமேல் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது வெடியின் பூமி. நாயின் செவி நம்முடையதைவிடக் கூர்மையானது. தீபாவளி நெருங்கும் நாட்களில் பல நாய்கள் கட்டிலடியில் ஒடுங்கிவிடுகின்றன. இந்த வட்டாரத்தில் வெடிச்சத்தம் பண்டிகையை மட்டும் அறிவிப்பதில்லை. 2020 மார்ச்சில் சிப்பிப்பாறையிலும், 2023 அக்டோபரில் சிவகாசிக்கு அருகே ரெங்கபாளையத்திலும் ஆலைகள் வெடித்து உயிர்கள் போயின. நாய்க்குப் பெயர் கொடுத்த ஊரே செய்தித்தாளில் விபத்தின் பெயராக வருவதைப் படிக்க நேர்ந்தது. ஓசை கேட்டால் நாய்க்கு முன்பே நாங்களும் எழுந்துவிடுகிறோம். எந்தத் திசை என்று பார்க்கிறோம்.

பகல் முழுதும் சரம் பின்னிவிட்டு வந்து அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் நாய் வளர்த்து நடையுங்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அவருடைய நேரத்துக்கு விடுதலை கிடைக்க வேண்டும். அது வேறு பெரிய பேச்சு. நேரமும் வசதியும் இருந்தும் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். அவர்களில் பலரது வாசலில் ஏற்கெனவே ஒரு நாய் கட்டிக்கிடக்கிறது.

*

வியாசபாரதத்தின் இறுதியில் பாண்டவர்கள் இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். திரௌபதி விழுகிறாள், தம்பியர் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசிவரை தருமனோடு நடந்து வருவது ஒரு நாய். அதை விட்டுவிட்டு வந்தால் சொர்க்கம் உண்டு என்றபோது தருமன் மறுக்கிறான். நம்பி வந்ததைக் கைவிட மாட்டேன் என்பது அவன் கட்சி. அக்கதையைப் பரிவுக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் சொல்வார்கள். நடையின் கதையாகவும் அதைப் படிக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எல்லோரும் நின்றபிறகும் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஒரு நாய் இருந்தது.

குறிஞ்சிப்பாட்டுத் தலைவன் காலத்தில் நாயும் மனிதனும் சேர்ந்து நடந்தது வேட்டைக்காக. எடுத்தனூரில் அது ஆநிரைக்காக. அந்த வேலைகள் போய்விட்டன. போனதில் பல நன்மைகளும் உண்டு. வேலை போனபின் மனிதனை நாற்காலியிலும் நாயைச் சங்கிலியிலும் உட்கார வைத்துவிட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே மருந்து. எந்த உயிரையும் துரத்தாமல், எதையும் கொல்லாமல், விடியற்காலையில் சேர்ந்து நடப்பது ஒன்றே இருவருக்கும் எஞ்சியிருக்கும் பழைய உறவு. நாய்க்கு இனி நாம்தான் வேலை. நம்மை நடத்திச் செல்வதைவிடக் கடினமான வேலையை அதற்கு எந்த வேட்டைக்காரனும் கொடுத்திருக்க மாட்டான்.